நாய்க்கு ஒரு கண்ணாடி: 1903ல் அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முதல் கார்

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் 1903ம் ஆண்டு வின்டன் கார் ஒன்று இருக்கிறது. கூரை கிடையாது, முன்பக்கக் கண்ணாடி கிடையாது. அந்தக் காரோடு சேர்த்துப் பாதுகாக்கப்படும் பொருட்களில் ஒரு ஜோடி தூசிக் கண்ணாடியும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டது மனுஷன் இல்லை, ஒரு புல்டாக் வகை நாய். பெயர் பட்.

நாய்க்கு எதுக்குக் கண்ணாடி? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அன்றைய அமெரிக்காவின் சாலைகள், ரயில், தந்தி, கொல்லன் பட்டறை என்று ஒரு முழு உலகமே விரிகிறது. கூடவே, 'திட்டமே இல்லாமல் கிளம்பிச் சாதித்தவர்' என்று சொல்லப்படும் கதைகளை எப்படி வாசிக்கணும் என்பதற்கும் இது நல்ல உதாரணம். அதனால்தான் இந்தக் குறிப்பு.

ஐம்பது டாலர் பந்தயம்

ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் ஒரு டாக்டர். வயது 31. வடகிழக்கு அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் பெர்லிங்டன் ஊர்க்காரர். காசநோய் வந்ததால் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டார். மனைவி பெர்த்தா பெரிய பணக்கார வீட்டுப் பெண். 'பெயின்ஸ் செலரி காம்பவுண்ட்' என்று அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்ட ஒரு டானிக் வியாபாரம் அவர்கள் குடும்பத்துடையது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

1903 மே மாதம் தம்பதி இருவரும் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார்கள். அங்கே யுனிவர்சிட்டி கிளப்பில் ஒரு நாள் பேச்சு கார் பக்கம் திரும்பியது. கார் என்பது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான், அதை வைத்துத் தொலைதூரம் போக முடியாது என்பது அங்கிருந்தவர்களின் கட்சி. முடியும் என்றார் ஜாக்சன். 90 நாளுக்குள் நியூயார்க் போய்ச் சேர முடியுமா என்று 50 டாலர் பந்தயம் கட்டினார்கள். ஜாக்சன் ஒத்துக்கொண்டார்.

அப்போது அவரிடம் அந்தப் பயணத்துக்கான கார் இல்லை. ஓட்டிப் பழகியதும் கொஞ்ச நாள்தான். ரிப்பேர் வேலை தெரியாது. ஆனாலும் நாலைந்து நாளில், மே 23 அன்று, கிளம்பியே விட்டார். பெர்த்தா ரயிலில் ஊருக்குப் போனார். பந்தயம் கட்டியவர் காரில், மனைவி ரயிலில். எந்த வண்டி நம்பகமானது என்பதில் அந்த வீட்டில் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை!

கூட வந்தவர் சூவல் கிராக்கர். வயது 22. முன்பு சைக்கிள் பந்தய வீரர், பிறகு பெட்ரோல் என்ஜின் மெக்கானிக். ஜாக்சன் வாங்கியது கொஞ்சம் ஓடிய வின்டன் கார். இரண்டு சிலிண்டர், 20 குதிரைத்திறன், சக்கரத்துக்கு விசை போவது சைக்கிள் மாதிரி செயின் வழியாக. உச்ச வேகமே மணிக்கு 30 மைல் அளவில்தான். சொந்த மாநிலத்தின் பெயரையே காருக்கும் வைத்தார்: 'வெர்மான்ட்'.

'ஆஃப் ரோடு' என்றால் என்ன?

இன்றைக்கு ஆஃப் ரோடு என்றால், நல்ல ரோடு இருந்தும் அதை விட்டு இறங்கி மண்ணில் ஓட்டுவது. அதுக்கென்று தனி ஜீப், தனி டயர், தனி கூடாரம் எல்லாம் விற்கிறார்கள். 1903ல் அப்படி ஒரு வார்த்தைக்கே வேலை இல்லை. இறங்குவதற்கு முதலில் ரோடு இருக்கணுமே!

1904ல் அமெரிக்க அரசு எடுத்த கணக்குப்படி நாட்டில் கிராமப்புறச் சாலைகள் 20 லட்சம் மைலுக்கு மேல் இருந்தன. அதில் சரளையோ கல்லோ போட்டவை ஏழு சதவீதம் அளவுதான். மீதி எல்லாம் வெறும் மண். செங்கல், தார் என்று முறையாகப் பாவிய சாலை நகரங்களுக்கு வெளியே 150 மைல்கூடக் கிடையாது. மேற்குப் பகுதியில் 'ரோடு' என்றால் குதிரை வண்டிச் சக்கரம் பதிந்த இரண்டு தடம். நடுவில் புதர், கல், மழை பெய்தால் சேறு. வழிகாட்டிப் பலகை இல்லை. கார் ஓட்டுவோருக்கான வரைபடம் இல்லை. பெட்ரோல் பங்க் இல்லை. பெட்ரோல் மளிகைக் கடையில் தகர டப்பாவில் கிடைக்கும், அதுவும் இருந்தால்.

ஏன் இப்படி? காரணம் எளிது. 1869லேயே ரயில் பாதை கண்டத்தின் இரு கரைகளையும் இணைத்துவிட்டது. 1903ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் போக நாலைந்து நாள்தான். தூரமா போகணும்னா ரயில், பக்கத்துல ஸ்டேஷனுக்குப் போக வண்டித் தடம். இரண்டு ஊர்களை இணைக்க நல்ல சாலை வேண்டும் என்று கேட்க ஆளே இல்லை. கேட்டவர்களில் முக்கியமானவர்கள் சைக்கிள் ஓட்டுபவர்கள்! 1880ல் தொடங்கிய அமெரிக்க சைக்கிள் ஓட்டிகள் சங்கம்தான் 'நல்ல சாலை' இயக்கத்தை முதலில் தூக்கிப் பிடித்தது. கார்காரர்கள் வந்தது அதற்குப் பிறகு.

எடுத்த ஒரே நல்ல முடிவு

திட்டமில்லாத பயணம் என்று சொன்னாலும் ஜாக்சன் கிளம்பும் முன் ஒரு முக்கியமான முடிவை எடுத்தார். அதாவது, நேராகக் கிழக்கே போவதில்லை.

இரண்டு வருஷம் முன்பு, 1901ல், இதே வின்டன் காரைத் தயாரித்த அலெக்சாண்டர் வின்டனே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் புறப்பட்டார். நெவாடா பாலைவன மணலில் சக்கரம் புதைந்து பயணம் அங்கேயே முடிந்தது. ஜாக்சன் அந்த மணலைத் தவிர்க்க வடக்கே போய், ஓரிகன், ஐடஹோ, வயோமிங் வழியாக இறங்கினார். இதனால் பல நூறு மைல் கூடுதல். ஆனால் அந்தப் பாதையில் பழைய குடியேறிகளின் வண்டித் தடங்களும், பக்கத்திலேயே ரயில் பாதையும் இருந்தன. ஆற்றுக்குப் பாலம் இல்லாத இடத்தில் ரயில் பாலத்தின் மேல், கட்டைக்குக் கட்டை குலுங்கிக்கொண்டு காரை ஓட்டிப் போயிருக்கிறார்கள்.

சாமான்களையும் பார்க்கலாம். படுக்கைப் பைகள், கம்பளி, சமையல் பாத்திரம், தண்ணீர்க் குப்பி, கோடாலி, மண்வெட்டி, பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் டின்கள், துப்பாக்கிகள், தொலைநோக்கி, ஒரு கோடக் கேமரா. இவை எல்லாவற்றையும்விட உபயோகமாக இருந்தது கப்பியும் நீளக் கயிறும். சேற்றில் கார் மாட்டினால் எதிரே ஒரு மரத்திலோ, மரமே இல்லாத இடத்தில் தரையில் அடித்த முளையிலோ கயிற்றைக் கட்டி, கப்பி வழியாக இழுத்து வெளியே கொண்டுவருவார்கள். இன்றைய ஜீப்புகளின் முன்னால் வின்ச் இருக்கிறதே, அதே வேலைதான். இங்கே மோட்டாருக்குப் பதில் இரண்டு ஆட்களின் தோள்.

முதல் பதினைந்து மைல்

புறப்பட்டு 15 மைல்கூட ஆகவில்லை, டயர் வெடித்தது. கையில் இருந்த மாற்று டயர் ஒன்றே ஒன்று. அதைப் போட்டாகிவிட்டது. சாக்ரமெண்டோவில் புது டயர் தேடினார்கள், கிடைக்கவில்லை. பழைய ட்யூப்கள்தான் கிடைத்தன. காரின் சொந்த விளக்குகள் இரவில் போதவில்லை என்று முன்னால் பெரிய விளக்கு ஒன்றை மாட்டினார்கள். பாத்திரங்கள் வழியிலேயே ஒவ்வொன்றாக விழுந்துகொண்டு வந்திருக்கின்றன. என்ஜின் சத்தத்தில் விழுந்ததே காதில் கேட்கவில்லை.

வடக்கு கலிபோர்னியாவில் ஒரு பெண்ணிடம் வழி கேட்டார்கள். அவர் காட்டிய திசையில் வெகுதூரம் போனால், பாதை ஒரு பண்ணை வீட்டு வாசலில் முடிந்தது. வீட்டில் எல்லோரும் கூடி நின்று காரை வேடிக்கை பார்க்கிறார்கள். அந்தப் பெண் வேண்டுமென்றேதான் அனுப்பியிருக்கிறார். தன் வீட்டார் கார் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை, பார்க்கட்டுமே என்று! போய்த் திரும்ப மொத்தம் 108 மைல் வீண். கோபப்படுவதா சிரிப்பதா என்று நமக்கே தெரியவில்லை. ஆனால் 1900ல் அமெரிக்கா முழுக்கவே சுமார் 8,000 கார்கள்தான் இருந்தன என்பதை நினைத்தால் அந்தப் பெண்ணின் பக்கமும் புரிகிறது.

சைக்கிளில் போய் வாங்கி வந்த பெட்ரோல்

ஓரிகனில் நிலைமை இன்னும் மோசம். ஜூன் 6 வாக்கில் கார் நின்றுவிட்டது. குதிரையில் வந்த ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துப் பண்ணையில் விட்டார். கிராக்கர் அதைச் சரிசெய்த பிறகு பார்த்தால் பெட்ரோல் முழுக்க ஒழுகிப் போயிருக்கிறது. ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, 25 மைல் தள்ளியிருந்த பர்ன்ஸ் என்ற ஊருக்குக் கிராக்கர் மிதித்தார். வழியில் சைக்கிளும் பஞ்சர். நாலு கேலன் பெட்ரோலோடு திரும்பி வந்தார். விலை ஏறக்குறைய 20 டாலர். பந்தயப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த நாலு கேலனுக்கே போய்விட்டது.

இன்னொரு நாள் என்ஜின் எண்ணெய் தீர்ந்தது. இந்த முறை ஜாக்சன் வந்த வழியே நடந்து, கடைசியாகக் கடந்த ஊருக்குப் போய் எண்ணெய் வாங்கி வந்தார். அப்புறம் காரைக் கிளப்பினால், வேல் என்ற அடுத்த ஊர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கிறது. வரைபடம் இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

இந்த மாதிரிச் சம்பவங்களை வரிசையாக அடுக்கும்போது ஒன்று தெரிகிறது. கார் நிற்கிறது என்றால் அதை மறுபடி ஓட வைத்தவர் பெரும்பாலும் கிராக்கர்தான். வயோமிங்கில் ஷையென் நகரை எட்டும் முன்னாலேயே சக்கரத்தின் பேரிங் போய்விட்டது. புதுசு வாங்க வழியில்லை. கிராக்கர் ஒரு விவசாயியிடம் பேசிப் பேசி, அவருடைய புல் வெட்டும் இயந்திரத்திலிருந்த பேரிங்கைக் கழற்றி வாங்கிக் காரில் பொருத்தினார். யோசித்துப் பாருங்க. வண்டிக்காக வடிவமைக்காத ஒரு பாகத்தை, நடுக்காட்டில், அளவு பார்த்து உட்கார வைப்பது சாதாரண காரியமா? அந்த விவசாயியை ஒத்துக்கொள்ள வைத்தது இன்னொரு திறமை.

பட் வந்து சேர்ந்தான்

ஜூன் 12 வாக்கில், ஐடஹோவின் கால்ட்வெல் அருகே, நாய் வந்து சேர்ந்தது. சாக்ரமெண்டோவிலிருந்தே துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்று ஜாக்சனுக்கு ஆசை. பத்திரிகைகள் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை எழுதின. திருடிய நாய் என்றுகூட எழுதினார்கள். மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஜாக்சன் சொல்வது வேறு: ஒரு ஆள் 15 டாலருக்கு விற்றார், அவ்வளவுதான். பத்திரிகைச் செய்தியையும் சொந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இப்படி எப்போதாவதுதான் கிடைக்கும்.

இப்போது கண்ணாடி விஷயத்துக்கு வருவோம். அந்தப் பகுதியில் உவர் மண் வெளிகள் அதிகம். மாவு போல நுண்ணிய காரத் தூசி. காருக்கு முன்கண்ணாடி இல்லாததால் எல்லாமே நேராக முகத்தில் அடிக்கும். மனிதர்கள் இருவரும் தூசிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். பட்டின் கண் சிவந்து வீங்கியது. அதனால் ஜாக்சன் அவனுக்கும் ஒன்று மாட்டிவிட்டார். வேடிக்கைக்காகச் செய்தது இல்லை. ஆனால் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்குமா? பட் பிரபலமாகிவிட்டான். கெட்ட தண்ணீர் குடித்து ஒரு முறை நோய்ப்பட்டு, பிழைத்தும் எழுந்தான்.

அதன் பிறகும் கஷ்டம் குறையவில்லை. ஜாக்சனின் கோட்டு எங்கேயோ விழுந்துவிட்டது, உள்ளே பெரும்பாலான பணம். தந்தி அடித்து, ஷையெனுக்குப் பணம் அனுப்பும்படி மனைவியிடம் கேட்டார். ஒரு கட்டத்தில் 36 மணி நேரம் மூவருக்கும் சாப்பாடே இல்லை. ஆடு மேய்க்கும் ஒருவர் சுட்ட ஆட்டுக்கறியும் வேகவைத்த சோளமும் கொடுத்துக் காப்பாற்றினார்.

ஜூலை 12ல் நெப்ராஸ்காவின் ஒமாஹா. அங்கிருந்து கிழக்கே சாலை கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. பஃபலோவுக்குக் கிழக்கே மட்டும் மறைந்திருந்த ஏதோ தடையில் மோதி மூன்று பேரும் காரிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். பெரிய காயம் இல்லை. 1903 ஜூலை 26 அதிகாலை 4.30 மணிக்கு நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 63 நாள், 12 மணி, 30 நிமிடம். 90 நாள் கெடுவில் பாக்கி 26 நாள் இருந்தது.

சுமார் 4,500 மைல் பயணம், 800 கேலனுக்கு மேல் பெட்ரோல். கணக்குப் போட்டால் லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர்கூட வரவில்லை. நின்ற நாட்களையும் சேர்த்தால் நாளுக்குச் சராசரி 71 மைல். அதாவது 114 கிலோமீட்டர்.

திட்டம் போட்டவர்களுக்கு என்ன ஆச்சு?

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ஜாக்சன் ஓரிகன், ஐடஹோ பக்கம் திண்டாடிக்கொண்டிருந்தபோதே, கார் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. ஜூன் 20ல் பேக்கார்ட் கம்பெனி தன் சொந்த ஆள் டாம் ஃபெட்சையும் மரியஸ் கிராரப் என்ற பத்திரிகையாளரையும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அனுப்பியது. இவர்கள் முழுத் தயாரிப்போடு போனவர்கள். நெவாடா மணலில் விரித்து ஓட்ட நீளக் கித்தான் துணிகள்கூட எடுத்துக்கொண்டு நேர் பாதையிலேயே போனார்கள். ஜூலை 6ல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் லெஸ்டர் விட்மன், யூஜின் ஹேமண்ட் புறப்பட்டார்கள்.

பேக்கார்ட் ஆகஸ்ட் 21ல் நியூயார்க் வந்தது. ஜாக்சனைவிட ஓரிரு நாள்தான் குறைவு. ஓல்ட்ஸ்மொபைல் செப்டம்பர் 17ல் வந்தது. இது ஜாக்சனைவிட அதிக நாள்.

திட்டமிட்ட இரண்டு பயணம், திட்டமிடாத ஒன்று. மூன்றும் ஏறக்குறைய ஒரே வரம்பில் முடிகின்றன. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. புரோகிராமை எவ்வளவு மெருகேற்றினாலும் வேகம் கூடவில்லை என்றால், சிக்கல் வேறு எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். இங்கே அது சாலை.

இன்னொரு சான்றும் உண்டு. 1919ல் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு லாரி அணிவகுப்பை அனுப்பியது. கனமான வண்டிகள், நிறைய ஆட்கள், அரசின் முழுப் பலம். ஆனது 62 நாள்! நடுவில் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. ஃபோர்டின் மாடல் டி லட்சக்கணக்கில் வந்துவிட்டது. 1913ல் லிங்கன் நெடுஞ்சாலை என்று பெயரும் வைத்தாகிவிட்டது. மேற்கே பல இடங்களில் சாலை மட்டும் அப்படியே. அந்த அணிவகுப்பில் போன ஒரு இளம் அதிகாரி டுவைட் ஐசனோவர். பின்னால் அவர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான், 1956ல், மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டத்துக்கான சட்டம் வந்தது.

உண்மையிலேயே திட்டமில்லாத பயணமா?

ஜாக்சன் கதையை 'துணிந்தவனுக்கு எல்லாம் நடக்கும்' என்கிற மாதிரி சொல்வது சுலபம். ஆனா கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும்.

முதலாவது, ரயில். டயர், உதிரி பாகம் எல்லாம் தந்தி அடித்து, ரயிலில் வரவழைத்தவை. என்ஜினின் கனெக்டிங் ராட் உடைந்தபோது கிளீவ்லாந்தில் இருந்த தொழிற்சாலையிலிருந்து பாகம் வரும்வரை காத்திருந்தார்கள். ரயிலை ஒதுக்கிவிட்டுக் காரில் போன முதல் பயணம், ரயில் இல்லாவிட்டால் பாதியிலேயே நின்றிருக்கும்.

இரண்டாவது, கொல்லர்கள். குதிரை வண்டிக்காக ஊருக்கு ஒரு பட்டறை இருந்தது. வளைந்த அச்சை நிமிர்த்த, உடைந்ததை ஒட்ட, புதுசாக அடித்துக்கொடுக்க ஆள் கிடைத்தார்கள். கார் யுகத்தைத் தூக்கிவிட்டது குதிரை யுகத்தின் தொழிலாளிகள்.

மூன்றாவது, பணம். 50 டாலர் பந்தயத்துக்கு ஜாக்சன் செலவழித்தது காரையும் சேர்த்து சுமார் 8,000 டாலர். ஐந்து வருஷம் கழித்து வந்த மாடல் டி காரின் விலை 850 டாலர். அப்படி ஒன்பது கார் வாங்கியிருக்கலாம். பணம் தொலைந்தால் தந்தி அடிக்க ஒரு பெர்த்தா இருந்தார். முன்னாடியே சொன்னேனே, அந்த டானிக் வியாபாரத்தின் பின்பலம் இங்கேதான் வருகிறது. கடைசியில் அந்த 50 டாலரை ஜாக்சன் வாங்கவே இல்லை.

ஆக, திட்டம் இல்லாமல் போனது ஒரு தனி ஆள். அவர் விழும் இடத்திலெல்லாம் தாங்க ஏற்கனவே ஒரு அமைப்பு இருந்தது. இதனால் அவருடைய துணிச்சல் குறைந்துபோகாது. 36 மணி நேரப் பட்டினியைப் பணமோ ரயிலோ வந்து தீர்க்கவில்லையே. அங்கேயே திரும்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை.

பிறகு

பயணத்தில் மோசடி, நடுவில் காரை ரயிலில் ஏற்றினார்கள் என்று வதந்தி கிளம்பியது. நிரூபிப்பவர்களுக்குப் பரிசு என்று வின்டன் கம்பெனி அறிவித்தது. யாரும் வரவில்லை. நாட்டையே கடந்த அதே ஜாக்சன், அந்த அக்டோபரிலேயே சொந்த ஊர் பெர்லிங்டனில் மணிக்கு 6 மைல் வேக வரம்பைத் தாண்டியதற்காக அபராதம் கட்டினார்!

பட் பெர்லிங்டனில் ஜாக்சன் வீட்டிலேயே வாழ்ந்தான். காரை 1944ல் ஜாக்சன் ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்தார். முதல் உலகப்போரில் பங்கெடுத்து வீரப் பதக்கம் பெற்று, நிறைவாக வாழ்ந்து, 1955ல் இறந்தார். கிராக்கர் 1913லேயே இறந்துவிட்டார், முப்பது வயதை ஒட்டி. ஜாக்சனின் கடிதங்களும் படங்களும் கிடைப்பதால் அந்தப் பயணம் நமக்கு அவர் கண் வழியாகவே தெரிகிறது. சைக்கிளில் பெட்ரோல் வாங்கிவந்த, புல் வெட்டும் இயந்திரத்தின் பேரிங்கைக் காருக்குப் பொருத்திய அந்த இளைஞன், அந்தப் படங்களில் பெரும்பாலும் காருக்கு அடியிலோ பக்கத்திலோ கையில் வேலையோடு நிற்கிறான்.

அடுத்த முறை யாராவது இந்தக் கதையை 'ஒரு டாக்டரும் அவருடைய நாயும்' என்று சொன்னால், மூணாவது ஆள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்க. சூவல் கிராக்கர்.